மாற்றுத்திறன் மாணவரையும் சேர்த்து ஒரு பாடம் நடத்துவது எப்படி: புதிய ஆசிரியர்களுக்கு

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே போன் வர ஆரம்பித்துவிடும். “மேடம், என் வகுப்பில் ஒரு மாற்றுத்திறன் குழந்தை சேர்ந்திருக்கிறது. நீங்கள் வரும்வரை என்ன செய்யட்டும்?” நான் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் போக முடிந்தாலே பெரிய விஷயம். மற்ற நாளெல்லாம் அந்தப் பிள்ளை வகுப்பாசிரியரிடம்தான் இருக்கிறது. அதனால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கு நடத்தப்போகிற பாடத்திலேயே தொடங்கிவிடலாம். எப்படி என்று தொடக்கப்பள்ளிப் பின்னப் பாடத்தை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: சான்றிதழைப் பீரோவில் வைத்துவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள்

சான்றிதழில் குறைபாட்டின் பெயரும் ஒரு சதவீதமும் இருக்கும். உதவித்தொகைக்கும் பஸ் பாஸுக்கும் அது வேண்டும். கரும்பலகையில் எத்தனையாவது வரிவரை தெரிகிறது, மதியத்துக்கு மேல் கை சோர்ந்துபோகிறதா என்பதெல்லாம் அதில் இருக்காது. அதற்கு ஒரு வாரம், தினம் ஐந்து நிமிடம் கவனித்தால் போதும். ஒரு சின்ன நோட்டில் மூன்று விஷயம் குறியுங்கள்: தானாக என்ன செய்கிறது, கொஞ்சம் உதவினால் என்ன செய்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

இதைச் செய்யாமல் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். குறைபார்வை உள்ள ஒரு சிறுமிக்காகப் பாடப்புத்தகத்தைப் பெரிய எழுத்தில் நகலெடுத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனேன். அவள் அதைப் பைக்குள் வைத்தவள் வெளியே எடுக்கவே இல்லை. வகுப்பில் யாரிடமும் இல்லாத புத்தகம் தன்னிடம் மட்டும் இருப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சரி என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோய் நன்றாகவே வாசித்தாள். பலகையைப் பார்க்கும்போதுதான் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். நானும் கழுத்தைச் சாய்த்தேன், விஷயம் புரிந்தது. ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டு வலதுபக்கப் பாதி முழுக்கப் பளபளத்தது. முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் போதும் என்று நினைத்து, அந்தப் பளபளப்புக்கு நேர் எதிரே அவளை உட்கார வைத்திருந்தோம். நடுவரிசைக்கு மாற்றி, ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினோம். அன்றைக்கே எழுத ஆரம்பித்துவிட்டாள்.

கேட்புக் கருவி போட்ட பிள்ளை என்றால் வேறு மாதிரி கவனிக்க வேண்டும். நீங்கள் ஜன்னலுக்கு முன்னால் நின்று பேசினால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும், உதட்டசைவு தெரியாது. பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுவதும் வீண். எழுதுங்கள், திரும்புங்கள், அப்புறம் பேசுங்கள். கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறிக்குக் கீழே அந்தப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். காலையில் கருவியின் பேட்டரி வேலை செய்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 2: பாடத்தின் குறிக்கோளை ஒரே வரியில் எழுதுங்கள்

இது சும்மா சடங்கு மாதிரித் தோன்றும். மற்ற எல்லா மாற்றமும் இந்த வரியை நம்பித்தான் இருக்கிறது. பின்னத்துக்கு நான் எழுதும் வரி: “ஒரு முழுமையைச் சம பங்குகளாகப் பிரிக்கத் தெரிய வேண்டும், 1/2, 1/4 இரண்டில் எது பெரியது என்று காரணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும்.”

இந்த வரியில் என்ன இல்லை என்று பாருங்கள். பலகையில் உள்ளதைப் பார்த்து எழுத வேண்டும் என்று இல்லை. அழகாகக் கட்டம் வரைந்து வண்ணம் தீட்ட வேண்டும் என்றும் இல்லை. இவையெல்லாம் வழக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. ஒரு பிள்ளைக்குக் கட்டம் வரைய வராவிட்டால் அதை விட்டுவிடலாம், பின்னத்தை விடக்கூடாது.

படி 3: அதே பாடம், உள்ளே நுழைய நாலு வாசல்

நம் ஊரில் பின்னத்தைத் தொடங்க நல்ல வசதி ஒன்று இருக்கிறது. கால் கிலோ தக்காளி, அரை லிட்டர் பால், முக்கால் மணி நேரம் என்று பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே பின்னத்தில் பேசுகிறார்கள். பழைய கணக்கில் அரைக்கால், மாகாணி வரை பெயர் வைத்த மொழி இது. அதனால் எண்ணை எழுதுமுன் சொல்லைக் கொடுங்கள்.

வகுப்பு முழுவதற்கும் ஆளுக்கொரு செய்தித்தாள் துண்டு. மடித்தால் பாதி. இன்னொரு தரம் மடித்தால் கால். பிரித்துப் பார்த்தால் கோடு தெரியும், தடவினாலும் தெரியும். குறைபார்வை உள்ள பிள்ளைக்கு அட்டையில் வட்டம் வெட்டி, பிரிக்கும் கோடுகள்மேல் நூலை ஒட்டிக் கொடுங்கள். அதே அட்டை எல்லாக் குழுவுக்கும் ஒவ்வொன்று போகட்டும், அப்போது யாருக்கும் கூச்சம் இருக்காது. சரியாகக் காது கேட்காத பிள்ளைக்கு ‘முழு, பாதி, கால், சமம்’ என்ற நான்கு சொல்லட்டையைப் படத்தோடு முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். தெரிந்த சொல்லை உதட்டில் பிடிப்பது சுலபம்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்குத்தான் பலரும் தனி மூலையில் வண்ணம் தீட்டக் கொடுத்துவிடுகிறார்கள். அது அந்தப் பிள்ளையை வகுப்புக்குள்ளேயே வெளியே உட்கார வைப்பது. அவனுக்குக் குறிக்கோளைச் சுருக்குங்கள்: இன்றைக்கு ‘சமம்’, ‘பாதி’ இரண்டும் வந்தால் போதும். கடலை மிட்டாயை உடைத்துக் குழுவுக்குப் பங்கு வைக்கும் வேலை அவனுடையது. ஒரு துண்டு சிறியதாகிப் போனால் பக்கத்துப் பையன் விடவே மாட்டான், “டேய், இது சமமா இல்லடா!” என்பான். அன்றைக்கு அவனுக்கு ‘சமம்’ சொல்லிக்கொடுக்கிறவன் அந்தப் பக்கத்துப் பையன்தான்.

இப்படி மூன்று நான்கு நிலையில் ஒரே பாடத்தை நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு: 2022இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி ஒரே அறையில் பிரித்து நடத்தியவர் நீங்கள் என்றால் பாதி வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

படி 4: பதில் எந்த வழியில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை இரண்டு அட்டையில் பெரியதைக் கண்ணாலேயே காட்டினால் அதுவும் பதில்தான். பென்சில் நழுவுகிறதென்றால் அதன்மேல் பழைய சைக்கிள் டியூப் துண்டை மாட்டிவிடுங்கள், பிடி தடிமனாகும்.

டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு வெளியே தெரியாது, அதனால் இந்தப் பிள்ளைகள் திட்டும் அதிகம் வாங்குவார்கள். தமிழில் இவர்கள் தடுமாறும் இடங்கள் தனி. ‘கொ’ என்பதில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ ‘க்’கில் தொடங்குகிறது. கண் பார்க்கும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் ஒத்துப்போகாததால் ‘கொடி’ பாதி நேரம் ‘கெடி’ ஆகும். ல, ள, ழ பற்றிச் சொல்லவே வேண்டாம். அறிவியல் தேர்வில் இதற்கெல்லாம் மதிப்பெண் குறைக்காதீர்கள். எழுத்துப்பிழையைத் தமிழ் வகுப்பில் திருத்திக்கொள்ளலாம். ஒளிச்சேர்க்கை பற்றி வாய்மொழியாகக் கேட்டால் கடகடவென்று சொல்கிற பையனுக்கு ஒளிச்சேர்க்கை தெரியும்.

படி 5: அறையும் வாசலும்

சாய்தளம் இருக்கிறது என்று கணக்குக் காட்டுவதற்காகச் செங்குத்தாகக் கட்டியவை நிறையப் பார்த்திருக்கிறேன். அளவு 1:12. அதாவது படி அரை அடி உயரமென்றால் சாய்தளம் ஆறு அடி நீளம் வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் சக்கர நாற்காலியை யாராவது தள்ளித்தான் ஏற்ற வேண்டும். இடமில்லை என்றால் வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், செலவே இல்லை. கழிப்பறைக்கு அந்தப் பிள்ளை எப்படிப் போகிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சமாளிக்கும் பெண்பிள்ளைகள் உண்டு.

படி 6: காகித வேலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, முன்பு ஏழாக இருந்த பட்டியலை 21 வகையாக விரித்தது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. பாடத்திட்டத்திலும் தேர்விலும் தக்க மாற்றம் செய்ய வேண்டும் என்றும் அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது: கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு. ஆனால் முதல் நான்கு படிக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். சந்தேகம் வந்த அன்றே இடத்தை மாற்றலாம், வாய்மொழியாகக் கேட்கலாம்.

பொதுத்தேர்வுச் சலுகைக்குத்தான் மருத்துவச் சான்று வேண்டும், பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் அரையாண்டு முடிந்தபின் ஓடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே மருத்துவ முகாமுக்கு அனுப்பி, யூடிஐடி அட்டையும் (மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை) வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. சொல்வதை எழுதுபவரை வைத்துத் தேர்வு எழுதுவது ஒரு தனிப் பழக்கம். அதுவரை வாய்விட்டு ஒரு பதிலைக்கூட முழுசாகச் சொல்லியிராத பிள்ளை, தேர்வு அறையில் முன்பின் தெரியாத ஒருவர் பேனாவோடு காத்திருந்தால் திணறிவிடும். எங்கே நிறுத்துவது, எங்கே புதுப் பத்தி என்று சொல்லத் தெரியாது, எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லவும் தோன்றாது. காலாண்டுத் தேர்விலிருந்தே கீழ்வகுப்பு மாணவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குங்கள். முதல் தடவை ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும்.