செவ்வந்தியை இலையிலிருந்து மொட்டுக்கு மாத்தறது: லைட்டை எப்ப போடோணும், எப்ப நிறுத்தோணும்

பாலிஹவுஸ்லயோ மொட்டை மாடி செட்டுலயோ வீட்டுக்குள்ள ஒரு ரூம்ல லைட் போட்டோ செவ்வந்தி வளக்கறவங்க கேக்கறது பெரும்பாலும் ரெண்டே கேள்வி தானுங்க. செடி ஒரு சாண் கூட வரல அதுக்குள்ள மொட்டு வெச்சுருச்சே ஏன், இல்லாட்டி செடி இடுப்பு உசரம் வந்துருச்சு மொட்டையே காணோமே என்ன உரம் போடறது. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணே தான், ராத்திரியில எத்தனை மணி நேரம் விடாம இருட்டு கிடைக்குதுங்கறது. இத புரிஞ்சுக்கிட்டா எப்ப பூக்கோணும்னு நீங்களே முடிவு பண்ணலாம், இது புரியாம எத்தனை டானிக் வாங்கி அடிச்சாலும் காசு தான் போகும்.

செவ்வந்தி ஒரு குறும்பகல் செடி. பெரும்பாலான ரகத்துக்கு பகல் சுமார் 13½ மணி நேரத்துக்கு கீழ இறங்குனா மொட்டு கட்ட ஆரம்பிச்சுரும். நம்ம கோயமுத்தூரு, ஈரோடு, திருப்பூரெல்லாம் 11 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்குது, இங்க ஜூன் மாசத்துலயே பகல் 12¾ மணி தான், டிசம்பர்ல 11½ மணி. அதாவது வருசம் பூரா நம்மூர்ப் பகல் செவ்வந்திக்கு பூக்கற பகல். அதனால தான் நாத்து நட்டு சும்மா விட்டா வளராமயே மொட்டு வெச்சுருது. 1920ல கார்னர், அல்லார்டுன்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிங்க புகையிலைச் செடியில பகல் நீளத்துக்கும் பூக்கறதுக்கும் இருக்கற தொடர்ப கண்டுபிடிச்சாங்க, அப்பறம் 1938ல வேற ரெண்டு பேரு செடி உண்மையில அளக்கறது ராத்திரி நீளத்தன்னு காட்டுனாங்க. நடு ராத்திரியில கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே செடிக்கு அது ரெண்டு சின்ன ராத்திரி ஆயிருது, மொட்டு கட்டாம இலையா வளரும். நாம செய்யற வேலை முழுசும் இத வெச்சுத்தான்.

முதல்ல இலைப்பருவம். நாத்து நட்ட அன்னிக்கு ராத்திரியே லைட் ஆரம்பிக்கோணும், வேர் புடிக்கட்டும்னு ஒரு வாரம் தள்ளிப் போடாதீங்க. சாயங்காலம் இருட்டுனதுல இருந்து தொடர்ந்து எரிய விடறத விட ராத்திரி 10 மணியில இருந்து 2 மணி வரைக்கும் எரிய விடறது கரண்டுக்கும் மிச்சம், வேலையும் சுத்தமா நடக்கும். சாதாரண வார்ம் ஒயிட் எல்.இ.டி. பல்பு போதும், செடி இந்த வேலைக்கு பாக்கறது செவப்பு வெளிச்சத்த, அது வார்ம் ஒயிட்ல தேவையான அளவு இருக்குது. செடி நுனியில இருந்து அஞ்சடி மேல தொங்க விட்டு, இலை மட்டத்துல 100 லக்ஸ் வருதான்னு பாருங்க. போன்லயே லக்ஸ் மீட்டர் ஆப் இருக்குது, அது துல்லியமா காட்டாட்டியும் எந்த மூலையில வெளிச்சம் குறையுதுன்னு தெரிஞ்சுரும். எப்பவும் மூலையும் ஓரமும் தான் ஏமாத்தும், நடுவுல பச்சையா நிக்கும், ஓரத்து வரிசை மட்டும் மொட்டு வெச்சுட்டு நிக்கும்.

டைமர் வாங்கறப்ப உள்ள பேட்டரி இருக்கற டிஜிட்டல் டைமரா வாங்குங்க. சுத்தற டைப் டைமர் கரண்ட் போனா அப்படியே நின்னுக்கும், வந்ததும் விட்ட இடத்துல இருந்து ஓடும், நாலு தடவை கரண்ட் போச்சுன்னா 10 மணி லைட்டு விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடி எரியும், அப்ப எரிஞ்சா பாதி பலன் கூட கிடையாது. ஒரு ராத்திரி லைட் எரியலைன்னா பயப்பட வேண்டாமுங்க, தொடர்ந்து நாலஞ்சு ராத்திரி போச்சுன்னா தான் ஆபத்து.

இனி மாத்தறது. லைட்டை எப்ப நிறுத்தறதுங்கறதுல தான் மொத்த விஷயமும் இருக்குது. லைட் நிறுத்துன அன்னிக்கு செடி வளர்றத நிறுத்தாது, அதுக்கப்பறமும் வெறியா நீளும், பல ரகம் கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு வரும். முழு உசரம் வரட்டும்னு காத்திருந்து நிறுத்துனா ஆடிக் காத்துக்கு சாஞ்சு படுத்துரும், அதுவும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கற பொள்ளாச்சி, உடுமலை பக்கம் வலை கட்டாம தாங்கவே தாங்காது. தொட்டிச் செடின்னா, நட்டு ரெண்டு வாரத்துல கொழுந்து கிள்ளி, அதுல வர்ற பக்கக் கிளை ஒரு விரல் நீளம் வந்ததும் நிறுத்திருங்க. நீளக் காம்போட வெட்டறதுக்குன்னா ஒரு அடியில இருந்து ஒண்ணேகால் அடி வந்ததும் நிறுத்தலாம்.

தேதி கணக்கு பின்னாடி இருந்து போடோணும். நாத்து வாங்கற இடத்துல இந்த ரகம் எத்தனை வாரத்து ரகம்னு கட்டாயம் கேளுங்க, 8 வாரம், 9 வாரம், 10 வாரம்னு சொல்லுவாங்க, அது லைட் நிறுத்துனதுல இருந்து பூ பறிக்கற வரைக்கும் ஆகற காலம். பொங்கலுக்கு பூ வேணும், ரகம் 9 வாரம்னா, ஜனவரி 14ல இருந்து 63 நாள் பின்னாடி போனா நவம்பர் 12. ஆனா மார்க்கெட்டுல விலை ஏறறது பண்டிகைக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி, அதனால நவம்பர் முதல் வாரமே நிறுத்தறது நல்லது. நோம்பி முடிஞ்சு வர்ற பூவுக்கு பறிகூலி கூட கட்டாதுங்க.

லைட் நிறுத்துனதுக்கு அப்பறம் இருட்டைக் காப்பாத்தறது தான் வேலை. பக்கத்துல தெரு லைட்டு, களத்துல மாட்டுன போகஸ் லைட்டு, மாரியம்மன் நோம்பிக்கு கட்டுற சீரியல் லைட்டு, எல்லாமே ராத்திரியை உடைக்கும். நிலா வெளிச்சம் ஒண்ணும் பண்ணாது. ரூமுக்குள்ள வளக்கறவங்க 12 மணி நேரம் லைட், 12 மணி நேரம் இருட்டுன்னு வெச்சு, கதவுச் சந்து, இன்வெர்ட்டர்ல மின்னற லைட்டு வரைக்கும் அடைச்சுட்டு, உள்ள நின்னு அஞ்சு நிமிஷம் கண்ணை பழக்கிப் பாருங்க, உங்க கை உங்களுக்கே தெரியுதுன்னா இன்னும் எங்கியோ வெளிச்சம் வருது.

ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் மாத்தறவங்களுக்கு கருப்புத் துணி வேணும். மொட்டு உருவாகறதுக்கு வேணுங்கறத விட அது வளந்து விரியறதுக்கு இன்னும் நீளமான ராத்திரி வேணும், கோடையில அந்தி வெளிச்சத்தையும் சேத்தா நம்மூர் ராத்திரி கொஞ்சம் பத்தாமப் போகும். சாயங்காலம் 6 மணிக்கு மூடி வெடியால 7 மணிக்கு எடுங்க, மொட்டுல நிறம் தெரியற வரைக்கும். இதுல பெரிய தொல்லை சூடு. ஈரோட்டு வெயில்ல 4 மணிக்கே மூடுனா உள்ள வெந்துரும், ராத்திரி சூடு 30 டிகிரியை ஒட்டி நின்னா மொட்டு தள்ளிப் போகும், பூ நிறமும் வெளிறிரும். பொழுது சாய்ஞ்சு மூடுங்க, ஒரு சின்ன பேன் ஓட விடுங்க, தார்ப்பாய் வேண்டாம், காத்து போற துணியா பாருங்க.

மாறிருச்சான்னு நுனியைப் பாத்தா தெரியும். ரெண்டு வாரத்துல புது இலை சின்னதாகும், ஓரத்துல இருந்த வெட்டு குறைஞ்சு பட்டையா நாக்கு மாதிரி வரும், நுனிக் கொழுந்து கூரா இல்லாம தட்டையா தடிச்சுக்கும். மூணுல இருந்து நாலு வாரத்துல மொட்டு கண்ணுக்கே தெரியும். நடுவுல ஒரு மொட்டு அப்படியே நின்னுட்டு அதச் சுத்தி இலைக் கிளை மேல தாண்டிப் போகுதுன்னா, அந்தச் செடிக்கு பாதி இருட்டு பாதி வெளிச்சம் கிடைச்சிருக்குதுன்னு அர்த்தம், உடனே வெளிச்சம் எங்க ஒழுகுதுன்னு தேடுங்க, அந்த நடு மொட்டை கிள்ளிட்டு இருட்டை சரி பண்ணுனா பக்கக் கிளையில பூ வரும்.

மொட்டு தெரிஞ்சதும் யூரியாவ குறைச்சு பொட்டாஷ் பக்கம் போங்க, நிறம் வந்ததுக்கு அப்பறம் மேல தண்ணி தெளிக்காதீங்க, சொட்டு நீர் தான். அஸ்வினி, இலைப்பேன் மருந்தெல்லாம் மொட்டு விரியறதுக்கு முன்னாடியே முடிச்சுருங்க.

தாய்ச் செடி வெச்சிருக்கறவங்க அத தனி ரூம்ல, வருசம் பூரா ராத்திரி லைட்டோடயே வெக்கோணும். மொட்டுக்கு மாறுன செடியில நாத்து கிள்ளுனா வேர் விட்டாலும் வளராது, உள்ளங்கை உசரத்துலயே பூத்துரும். கிள்ளறப்ப கொழுந்து நுனி கூரா இருக்கான்னு ஒவ்வொண்ணா பாத்து எடுங்க.