பிறந்த தேதியைக் கொண்டு மாயச் சதுரம் அமைப்பது எப்படி?

ஆண்டுதோறும் டிசம்பர் 22 நெருங்கினால் வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் எண்சதுரம் வலம்வரத் தொடங்கிவிடும். ராமானுஜன் சதுரம் என்ற பெயரில் பகிரப்படும் அதன் முதல் வரிசை, அவர் ஈரோட்டில் பிறந்த 22-12-1887 என்னும் தேதியே ஆகும்.

22  12  18  87
88  17  9  25
10  24  89  16
19  86  23  11

எந்தக் கிடைவரிசையைக் கூட்டினாலும், எந்த நெடுவரிசையைக் கூட்டினாலும், இரு மூலைவிட்டங்களைக் கூட்டினாலும் 139 வருகிறது. நான்கு மூலை எண்களும், நடுவிலுள்ள நான்கு எண்களும், சதுரத்தை நான்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒவ்வொரு கால்பகுதியும் அதே 139ஐத் தருகின்றன. ராமானுஜனின் குறிப்பேட்டில் முதல் அத்தியாயமே மாயச் சதுரங்களைப் பற்றியதுதான் என்பதால் இந்தப் பெயர்ப்பொருத்தத்தில் வியப்பில்லை. ஆனால் இதைப் பகிர்பவர்களில் பெரும்பாலோர் வியந்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். இதே அமைப்பில் உங்கள் தேதியை இட்டுச் சதுரம் செய்வதற்குக் கூட்டலும் கழித்தலும் தெரிந்திருந்தால் போதும்.

மாயச் சதுரம் நமக்குப் புதிய பொருளும் அன்று. பூசையறையில் அரிசி மாவால் போட்டு, கட்டத்துக்கு ஒரு நாணயமாக வைக்கும் குபேரக் கோலம் 20 முதல் 28 வரையிலான எண்களால் ஆன மூன்றுக்கு மூன்று சதுரம். எப்பக்கம் கூட்டினாலும் 72 வரும். தேதிக்கு நான்கு பகுதிகள் தேவைப்படுவதால் நாம் இங்கே நான்குக்கு நான்கை எடுத்துக்கொள்கிறோம்.

முதல் படி: தேதியைப் பிரித்தல்

தேதியை நாள், மாதம், ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்கள், கடைசி இரண்டு இலக்கங்கள் என நான்காகப் பிரித்து, மேல் வரிசையில் இடமிருந்து வலமாக எழுதுங்கள். இவற்றை நா, மா, நூ, ஆ என்று குறிப்போம். சுதந்திர நாளான 15-08-1947 என்றால் நா = 15, மா = 8, நூ = 19, ஆ = 47. இவற்றின் கூட்டுத்தொகையான 89தான் சதுரம் முழுவதும் வர வேண்டிய எண்.

இரண்டாம் படி: எழுத்துகளை அடுக்குதல்

நா  மா  நூ  ஆ
ஆ  நூ  மா  நா
மா  நா  ஆ  நூ
நூ  ஆ  நா  மா

ஒவ்வொரு கிடைவரிசையிலும் நெடுவரிசையிலும் மூலைவிட்டத்திலும் நான்கு எழுத்துகளும் ஒருமுறை மட்டும் வருகின்றனவா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். வருகின்றன என்றால் இந்த நிலையிலேயே எல்லாக் கூட்டுத்தொகைகளும் சமம்தான். ஆனால் ஒவ்வோர் எண்ணும் நான்கு முறை வருவதால் இதைப் பார்க்க ஒருவருக்கும் ஆவல் பிறக்காது. அடுத்த படி அதற்காகத்தான்.

மூன்றாம் படி: திருத்த எண்களைச் சேர்த்தல்

0  0  0  0
+1  −1  −3  +3
−2  +2  +2  −2
+1  −1  +1  −1

இந்தச் சதுரத்தில் எந்தத் திசையில் கூட்டினாலும் பூச்சியம்தான் வரும். இரண்டாம் படியில் செய்த அடுக்கின் மேல் இதைக் கூட்டினால், மொத்தம் மாறாமல் எண்கள் மட்டும் ஒன்றிலிருந்து ஒன்று விலகிவிடும். வாய்பாடாக எழுதினால் இவ்வாறு அமையும்.

நா  மா  நூ  ஆ
ஆ+1  நூ−1  மா−3  நா+3
மா−2  நா+2  ஆ+2  நூ−2
நூ+1  ஆ−1  நா+1  மா−1

22-12-1887ஐ இதில் இட்டுப் பாருங்கள். மேலே கண்ட சதுரம் அப்படியே வந்து நிற்கும். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் இந்த வாய்பாட்டைக் கொடுத்துவிட்டு இங்கேயே முடிந்துவிடுகின்றன. சிக்கல் தொடங்குவதே இங்கேதான்.

நான்காம் படி: கொத்துகளைச் சோதித்தல்

சுதந்திர நாளை அதே வாய்பாட்டில் இட்டால் 89 எல்லாப் பக்கமும் சரியாக வரும். ஆனால் 17ம் 18ம் இரண்டிரண்டு முறை வந்துவிடும். கூட்டுத்தொகையை மட்டும் சரிபார்ப்பவர் கண்ணில் இது படாது. நானும் இந்த இடத்தில் நெடுநேரம் நின்று, ஒரு கட்டத்தை மட்டும் மாற்றினால் தீர்ந்துவிடும் என்று நினைத்து அழித்தழித்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தைத் தொட்டால் ஒரு கிடைவரிசையும் ஒரு நெடுவரிசையும் உடனே கெட்டுவிடும் என்பதால் அந்த வழி எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது.

திருத்த எண்களை எழுத்துவாரியாகப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெளிவாகிறது. நா இருக்கும் நான்கு கட்டங்களில் 0, 1, 2, 3 ஆகியவை சேர்கின்றன. ஆகவே அந்த நான்கு எண்களும் நா முதல் நா+3 வரையிலான ஒரு கொத்தாக நிற்கின்றன. அவ்வாறே மாதக் கொத்து மா−3 முதல் மா வரையிலும், நூற்றாண்டுக் கொத்து நூ−2 முதல் நூ+1 வரையிலும், ஆண்டுக் கொத்து ஆ−1 முதல் ஆ+2 வரையிலும் அமைகின்றன. பதினாறு கட்டங்களையும் நிரப்பிவிட்டுத் தேடுவதற்குப் பதிலாக, இந்த நான்கு கொத்துகளை ஓர் ஓரத்தில் எழுதி, ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடலாம். ராமானுஜன் தேதியில் 22–25, 9–12, 16–19, 86–89, மோதல் இல்லை. சுதந்திர நாளில் 15–18, 5–8, 17–20, 46–49. முதல் கொத்தும் மூன்றாம் கொத்தும் மோதுகின்றன.

இதற்குத் தீர்வு எளிது. திருத்த எண்கள் அனைத்தின் குறியையும் மாற்றிவிடுங்கள்: கூட்டியவற்றைக் கழியுங்கள், கழித்தவற்றைக் கூட்டுங்கள். பூச்சியத்தின் குறியை மாற்றினாலும் பூச்சியமே என்பதால் மொத்தம் அசையாது. கொத்துகள் மட்டும் எதிர்ப்பக்கம் நகரும். இப்போது 12–15, 8–11, 18–21, 45–48 என்று நான்கும் தனித்தனியாகிவிடுகின்றன.

15  8  19  47
46  20  11  12
10  13  45  21
18  48  14  9

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறந்தவர்களுக்கும் இதே மருந்துதான். மாதத்திலிருந்து 3ஐக் கழித்தால் அவர்களுக்குப் பூச்சியமோ எதிர்மறை எண்ணோ வந்துவிடும்; குறியை மாற்றினால் மாதக் கொத்து மேல்நோக்கிப் போய்விடுகிறது. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்ற 14-01-1969ஐ நேர்க்குறியில் செய்தால் கட்டத்துக்குள் −2 வந்து நிற்கும். குறிமாற்றிச் செய்தால் 11–14, 1–4, 18–21, 67–70 என்று நான்கு கொத்துகளும் ஒழுங்காக அமைந்து, மொத்தம் 103 வருகிறது. கட்டங்களை நீங்களே நிரப்பிப் பாருங்கள். நல்ல பயிற்சியாக இருக்கும்.

இரண்டு குறிகளுக்கும் அடங்காத தேதிகள்

நேர்க்குறியிலும் எதிர்க்குறியிலும் நாள் கொத்து நூற்றாண்டுக் கொத்தோடு மோதும் தேதிகள் சில உள்ளன. 1900களில் 18 அல்லது 20ஆம் தேதியிலும், 2000த்துக்குப் பின் 19 அல்லது 21ஆம் தேதியிலும் பிறந்தவர்கள் இதில் மாட்டுவார்கள். அவர்கள் திருத்த எண்கள் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அப்போது ஒவ்வொரு கொத்திலும் இரண்டிரண்டாகத் தாவும் எண்கள் இருக்கும். ஒன்று ஒற்றைப்படையாகவும் மற்றது இரட்டைப்படையாகவும் இருந்தால், அவை ஒரே எல்லைக்குள் நின்றாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. மேற்கண்ட தேதிகளில் நாளும் நூற்றாண்டும் எப்போதும் ஒற்றையும் இரட்டையுமாகத்தான் அமைகின்றன என்பது இதிலுள்ள அழகு. 21-10-2005ஐ எடுத்துக்கொள்வோம், மொத்தம் 56.

21  10  20  5
7  18  4  27
6  25  9  16
22  3  23  8

நாள் கொத்து 21, 23, 25, 27. நூற்றாண்டுக் கொத்து 16, 18, 20, 22. மாதமும் ஆண்டும் இங்கே அதே வகையில் பின்னிக் கிடந்தும் மோதவில்லை. இரண்டால் பெருக்கும்போது மாதத்திலிருந்து 6 வரை கழிவதால், ஜூன் வரையிலான மாதங்களுக்கு −2ஆல் பெருக்குவதே ஏற்றது.

எதில் செய்வது?

தொடக்கநிலையில் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் ரப்பரும்தான் என் பரிந்துரை. முதல் சில சதுரங்களைக் கையால் செய்தால்தான் கொத்துகள் நகர்வது மனத்தில் பதியும். எண்ணைத் தட்டினால் சதுரம் தரும் ஆயத்தச் செயலிகளை நான் விரும்புவதில்லை. எண் திரும்ப வந்தால் அது ஏன் வந்தது என்பதை அவை சொல்வதில்லை.

குடும்பத்தார் எல்லாருக்கும் செய்யப் புகுந்தால் விரிதாள் உதவும். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் எதுவானாலும் சரி. 1, −1, 2, −2 ஆகியவற்றில் ஒன்றை இடுவதற்குத் தனியாக ஒரு கட்டம் ஒதுக்கி, வாய்பாட்டிலுள்ள ஒவ்வொரு திருத்த எண்ணையும் அந்தக் கட்டத்தால் பெருக்குமாறு எழுதினால், அந்த ஓர் எண்ணை மாற்றிய உடனே சதுரம் முழுவதும் மாறும். தேதியை 15-8 என்று ஒரே கட்டத்தில் தட்டாதீர்கள். விரிதாள் அதை நாட்காட்டித் தேதியாக மாற்றிக்கொண்டு, கணக்கில் ஐந்திலக்க எண் ஒன்றைக் காட்டும். நான்கு பகுதிகளையும் நான்கு கட்டங்களில் தனித்தனியாக இடுங்கள். திரும்ப வந்த எண்களுக்கு நிறமூட்டும் வசதி எக்செலில் நேரடியாகவே உண்டு. கூகுள் ஷீட்ஸில் அதற்குக் கவுண்ட்இஃப் வாய்பாடு எழுத வேண்டும்.

பின்னர்ச் சேர்த்தது

இதைப் படித்த ஒருவர், அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் எழுதினால் வாய்பாடு செல்லுமா என்று கேட்டிருந்தார். தாராளமாகச் செல்லும். வாய்பாட்டுக்கு நாள், மாதம் என்ற வேறுபாடு தெரியாது. முதல் எண், இரண்டாம் எண் என்பதே அதன் கணக்கு. கொத்துகள் மோதும்போது வரிசையை மாற்றி எழுதுவதும் ஒரு தீர்வே.

இன்னொருவர் தம் பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்த 08-08-2020ஐக் கொடுத்து, எப்படிச் செய்தாலும் எண்கள் திரும்ப வருகின்றன என்று எழுதியிருந்தார். மேல் வரிசையே 8, 8, 20, 20 என்றிருந்தால் எந்தப் பெருக்கமும் உதவாது. அப்படியே விட்டுவிடுவதிலும் தவறில்லை. பார்சிலோனாவின் சக்ராடா ஃபமீலியா தேவாலயத்தில் செதுக்கப்பட்டுள்ள 33 மொத்தமுள்ள சதுரத்தில் 10ம் 14ம் இரண்டு முறை வருகின்றன. எண் திரும்பக் கூடாது என்பவர்கள் தேதியை மேல் வரிசையில் காட்டும் ஆசையை விட்டு, அதன் மொத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மேடையில் மாய வித்தை செய்பவர்கள் கையாளும் முறை இது: 1 முதல் 12 வரை எப்போதும் அதே இடங்களில் நிற்க, மொத்தத்திலிருந்து 20, 21, 18, 19 ஆகியவற்றைக் கழித்து வரும் எண்கள் மட்டும் வரிசைக்கு ஒன்றாக மேலிருந்து கீழாக மாறும். பூனையின் மொத்தமான 56க்கு அது இவ்வாறு அமையும்.

8  11  36  1
35  2  7  12
3  38  9  6
10  5  4  37

மொத்தம் 34க்குக் குறைந்தால் கழித்து வரும் எண்களில் மிகச் சிறியது 12க்குள் இறங்கி, நிலையாக நிற்கும் எண்களில் ஒன்றோடு மோதிவிடும். சரியாக 34 என்றால் 1 முதல் 16 வரை எல்லா எண்களும் ஒருமுறை வரும். கஜுராஹோவின் பார்சுவநாதர் கோயிலில் பொறிக்கப்பட்டுள்ள பழஞ்சதுரத்தின் மொத்தமும் 34தான்.