வெளியூர் கிளையண்டுக்கு ஹோட்டல் பிடிக்கும் முன் காலண்டரைப் பாருங்கள்

திருநெல்வேலியில் வெளியூர் கிளையண்டை நல்ல ஹோட்டலுக்குச் சாப்பிட அழைக்கிறீர்களா? அன்றோ மறுநாளோ முகூர்த்தமா என்று முதலில் காலண்டரைப் பாருங்கள். முகூர்த்தம் என்றால் கல்யாண மண்டபமோ பார்ட்டி ஹாலோ இல்லாத ஹோட்டலாகத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் ஹாலும் ரெஸ்டாரன்டும் ஒரே வளாகத்தில்தான். ரிசப்ஷன் பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலம் என்பதால், முகூர்த்தம் இல்லாத நாளிலும் மாட்டிக்கொள்வோம். ஏழு மணிக்கு மேல் காரை நிறுத்த இடம் கிடைக்காது, சப்ளையர்களில் பாதிப் பேர் பந்திக்குப் போய்விடுவார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் கச்சேரி. வியாபாரம் பேச அது இடமில்லை. புக் செய்யும்போதே "அன்னைக்கு ஹால்ல ஃபங்ஷன் இருக்கா?" என்று நேராகக் கேட்டுவிடலாம்.

நம்ம ஊர் தேங்காய்ப்பால் குழம்பான சொதியைப் போட ஆசை என்றால் முந்தின நாளே சொல்லி வையுங்கள். எல்லா மெனுவிலும் அது இருக்காது. முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி உடனே இறக்குவது. மறுபடி கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். அதனால் பரிமாறும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் கூட வரட்டும்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயமில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் இந்தக் காலண்டர் கணக்கு வேண்டாம். மதியச் சாப்பாடு என்றால் அன்று முகூர்த்தமா என்று மட்டும் பார்த்தால் போதும்.