மரண சாசனம் எழுதச் சொத்து வேண்டாம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு தையற்கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் சனிக்கிழமைகளில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு பேர் வருவார்கள், மழை என்றால் மூன்று பேர். பதினாறாம் நூற்றாண்டு என்று வாயைத் திறந்தாலே முகம் வாடிவிடும். ராணி, மாளிகை, ஷேக்ஸ்பியர், இதெல்லாம் நமக்கு எதற்கு என்று. அதனால் நான் வேலை பறிபோன ஒரு வேலைக்காரப் பெண்ணிடமிருந்து தொடங்குவேன். இரண்டு சனிக்கிழமை போதும். நீங்களும் செய்து பார்க்கலாம்.

அந்தப் பெண் இசபெல்லா விட்னி. சமயம் சாராத தன் கவிதைகளைப் புத்தகமாக அச்சிட்ட ஆங்கிலப் பெண்களில், தெரிந்தவரையில், இவர்தான் முதலாமவர். (அவர் என்று எழுதுகிறேன். வகுப்பில் ‘அவள்’ என்றுதான் வருகிறது, எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருத்தியைப் பற்றிப் பேசுவதுபோல.) 1573இல் வந்த அவருடைய இரண்டாவது புத்தகத்தின் கடைசியில், ஊரை விட்டுப் போகும்போது லண்டன் நகரத்துக்கு அவர் பாட்டாக எழுதிவைத்த மரண சாசனம், அதாவது உயில், இருக்கிறது. நமக்கு அது மட்டும் போதும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இன்றைய எழுத்துக்கூட்டலுக்கு மாற்றிய பிரதியை எடுங்கள். பழைய எழுத்துக்கூட்டலோடு மல்லுக்கட்டினால் முதல் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

பிரதியை உடனே கொடுக்காதீர்கள். மரண சாசனம் யார் எழுதுவார்கள் என்று முதலில் கேளுங்கள். “சொத்து உள்ளவங்க, டீச்சர்” என்பார்கள். உங்கள் வீட்டில் எழுதினால் என்ன எழுதுவீர்கள் என்று கேளுங்கள். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், மண்ணும் அப்படித்தான். கொஞ்ச நேரம் அறை அமைதியாக இருக்கும், இருக்கட்டும். பிறகு, அந்தக் கால இங்கிலாந்தில் கலியாணம் கட்டியவள் புருஷன் சம்மதம் இல்லாமல் மரண சாசனமே எழுத முடியாது என்பதைச் சொல்லுங்கள். விதவை எழுதலாம், கலியாணம் ஆகாதவள் எழுதலாம். கையில் எதுவும் இல்லாத, கலியாணமும் ஆகாத விட்னி பேனாவை எடுத்தார் என்று சொல்லிவிட்டுத் தொடக்க வரிகளை வாசியுங்கள். உடம்பும் சரி, புத்தியும் சரி, பணப்பை மட்டும் மிகவும் மெலிந்துவிட்டது என்கிறார். பத்திரம் எழுதும் நொத்தாரிசின் பாணியில் ஆரம்பித்து அப்படியே குப்புறத் தள்ளுகிறார். பிள்ளைகள் சிரிக்காவிட்டால் விளக்காதீர்கள், திரும்ப வாசியுங்கள்.

வாசிக்கும்போது மேசையில் தட்டுங்கள். ஒரு வரிக்கு எட்டு அசை, அடுத்ததற்கு ஆறு, மறுபடி எட்டு, ஆறு. தெருவில் விற்ற மலிவுப் பாட்டுத் தாள்களில் புழங்கிய தாளம் அது. நம் பக்கத்தில் மீனாட்சி அம்மாள் நடேசையர் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடியதை இந்த இடத்தில் சொல்வேன். கேட்பவர்களின் காது எந்த மெட்டுக்குப் பழகியிருக்கிறதோ அதில்தான் சேதி ஏறும்.

பாட்டு நீளமானது, முழுவதையும் வாசிக்க வேண்டாம். தொடக்கம், கடைத்தெரு, சிறைகள், முடிவு என்ற நான்கு துண்டு போதும். கடைத்தெருவுக்குக் கரும்பலகையில் படம் போடுங்கள். வாட்லிங் தெருவில் கம்பளித் துணி, ஃபிரைடே தெருவில் லினன், சீப்சைடில் பொற்கொல்லர்கள், தேம்ஸ் கரையில் பியர் வடிப்பவர்கள். எல்லாவற்றையும் லண்டனுக்கே விட்டுச்செல்கிறார். ஏற்கெனவே அங்கே இருப்பதை, தனக்குச் சொந்தமில்லாததை, தன்னால் வாங்க முடியாததை. இது பிடிபட்டால் பாட்டில் பாதி பிடிபட்ட மாதிரி.

மிச்சப் பாதி சிறைகளில் இருக்கிறது. லட்கேட் என்பது கடனாளிகளை அடைக்கும் சிறை. அதற்கு எதுவும் எழுதிவைக்க நினைக்கவில்லையாம், அந்த இடத்தைத் தனக்கென்று வைத்திருந்தாராம். ஆனால் கடனாளியாக வேண்டுமென்றால் யாராவது கடன் கொடுக்க வேண்டுமே! அந்த நம்பிக்கைகூட இந்த ஊர் தன்மேல் வைக்கவில்லை என்கிறார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு பிள்ளை சொன்னாள்: “அம்மாவுக்குக் கடைக் கொப்பியில இனி எழுத மாட்டாங்களாம், டீச்சர். அது மாதிரியா?” அது மாதிரியேதான்.

அதே புத்தகத்தில், லண்டனில் வேலைக்கு நின்ற இரண்டு தங்கைகளுக்கு எழுதிய புத்திமதிப் பாட்டும் உண்டு. கதவையும் ஜன்னலையும் தாழ்போடு, வெள்ளிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொள், ஒரு கரண்டிகூடக் குறையக் கூடாது. அந்த வரியை நான் முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 15 வயதில் என்னைக் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டிருந்தார்கள். இரவு படுக்கப் போகுமுன் கரண்டி எண்ணுவது என் வேலை. ஒரு நாள் பன்னிரண்டுக்குப் பதினொன்று இருந்தது. மறுநாள் காலை ரயிலில் ஏற்றிவிட்டார்கள், டிக்கட் காசைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டு. அந்தக் கரண்டி கிடைத்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் “உங்கள் வீட்டில் யாராவது வேலைக்குப் போனார்களா” என்று கேட்காதீர்கள். அக்கா கொழும்பில் இருப்பாள், அம்மா குவைத்தில் இருப்பாள். உங்களுக்குச் சொல்ல ஏதும் இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

இரண்டாவது சனிக்கிழமை எழுத வையுங்கள். எந்த ஊருக்கு என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். ஹட்டன், கொழும்பு, தோட்டம், எதுவானாலும் சரி, ஆனால் ஆளுக்கு எழுதக் கூடாது, இடத்துக்குத்தான் எழுத வேண்டும். தனக்குச் சொந்தமில்லாததை மட்டும் கொடுக்க வேண்டும். ‘அழகிய மலைகள்’ என்று எழுதினால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். எந்த மலை, தோட்டத்துக் கணக்கில் எத்தனையாம் நம்பர்? கண்ணீர், வேதனை, உழைப்பு, இந்த மூன்றும் எங்கள் வகுப்பில் தடை. முதல் தடவை எல்லாரும் புலம்பலாகத்தான் எழுதினார்கள், தப்பு என் பக்கம், முன்கூட்டியே சொல்லாமல் விட்டேன். விட்னி புலம்புவதில்லை, தாராளமாக வாரி வழங்குகிறார், குத்துவதும் அதனால்தான். இரண்டாவது தடவை ஒரு பிள்ளை எழுதியது (மடுவம் என்பது தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுக்கும் இடம்): “மடுவத்துத் தராசுக்கு, ஒவ்வொரு நாளும் அது எடுத்துக்கொண்ட இரண்டு கிலோவைத் திருப்பிக் கேட்காமல் விட்டுச்செல்கிறேன்.” நான் பேசாமல் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

கடைசியில் திகதியும் சாட்சியும் வேண்டும். விட்னி அக்டோபர் 20 என்று போட்டு, சாட்சிக்குத் தாளையும் பேனாவையும் மைக்கூட்டையும் நிறுத்துகிறார், கூடவே காலத்தையும். ஆள் ஒருவரும் இல்லை.

நேரம் மிஞ்சினால் மட்டும் மற்றப் பெண்கள் பக்கம் போங்கள். பெம்புரோக் சீமாட்டி மேரி சிட்னி, பைபிளின் சங்கீதங்களை ஆங்கிலப் பாட்டாக்கும் வேலையை அண்ணன் 43உடன் விட்டுப்போக, மற்ற 107ஐயும் பாட்டாக்கி முடித்தார். அவருக்கு மாளிகை இருந்தது. எமிலியா லன்யர், அரண்மனை இசைக்காரரின் மகள், 1611இல் வந்த புத்தகத்தில் ஒரு சீமாட்டியோடு தான் தங்கியிருந்த குக்கம் வீட்டைப் பிரிந்துபோவதைப் பாடுகிறார். விட்னி தன் அக்கா தங்கையில் ஒருத்திக்கு எழுதுகிறார்: புருஷனும் வீடும் இருந்தால் நானும் மற்றப் பெண்களைப்போல ஓடியாடுவேன், அதுவரைக்கும் புத்தகமும் பேனாவும்தான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், விரிவுரை வேண்டாம்.

எழுதவே மாட்டேன் என்று ஒரு பிள்ளை நிற்பாள். எங்கள் வகுப்பிலும் நின்றாள். அந்தக் காலத்தில் வாசிக்கத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள், எழுத்து அதற்குப் பிறகு. நிறையப் பெண்களுக்கு அந்தப் பிறகு வரவேயில்லை, ஆனால் ஊசி எல்லார் கையிலும் இருந்தது. ஜேன் பொஸ்டொக் என்பவர் 1598இல் தைத்த துணி லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகல் பிறந்ததை அதில் நூலால் எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை முன்கடைக்குப் போய் வெட்டுத் துணி கேட்டு வந்தாள். நீங்களும் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு வரிக்கு மேல் தைக்கச் சொல்லாதீர்கள். ஆங்கில எழுத்துக்குக் கிராஸ் ஸ்டிச் சரி. தமிழ் எழுத்தின் சுழிக்கு அது ஒத்துவராது, முதலில் பென்சிலால் எழுதிக்கொண்டு பேக் ஸ்டிச் போட வேண்டும். ‘ண’வுக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.