பழைய மில்லைப் படமெடுக்க உச்சி வேளையில் போங்கள்

மும்பை மாட்டுங்காவில் ஸ்லோ ரயில் ஏறினால் தாதருக்கு அடுத்து பரேல். அங்கே மூடிக் கிடக்கும் பஞ்சாலைகளைப் படமெடுக்க வெயில் தாழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தறிக்கூடத்தின் கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும். கண்ணாடி பதித்த பக்கம் வடக்கே பார்க்கும். நேர் வெயில் படாமல், அறுந்த நூல் கண்ணுக்குத் தெரிகிற சீரான வெளிச்சம் வேண்டுமென்று அப்படிக் கட்டினார்கள். உச்சி வெயிலிலும் உள்ளே வெளிச்சம் பூப்போல விழும். போனில் எடுப்பவர்கள் திரையில் அந்தக் கண்ணாடி தெரியும் இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தரையின் இருட்டை அப்புறம் சரிசெய்யலாம்.

வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்து நுழையாதீர்கள். நான் நுழைந்தேன், பாதியில் சூப்பர்வைசர் வந்து அத்தனை படத்தையும் அழிக்கவைத்தார். பல மில்கள் தேசிய ஜவுளிக் கழகத்தின் வசம் உள்ளவை. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மரத்தளம் போட்ட மேல்மாடியில் ஏறவே ஏறாதீர்கள்.

படத்துக்குக் கீழே '1982 வேலைநிறுத்தத்தால் மூடியது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் மில் தொழிலாளர்கள் இறங்கிய போராட்டம் அது, சரி. ஆனால் மும்பைக்குப் பக்கத்து ஊரான பிவண்டியின் விசைத்தறிகளின் போட்டியும் அரதப்பழசான இயந்திரங்களும் அதற்கு முன்பே மில்களை அரித்துக்கொண்டிருந்தன. 1991-க்குப் பிறகு மில் நிலத்தை விற்கவும் வழி பிறந்தது.

புகைபோக்கி சாயாமல் வர வேண்டுமா? அண்ணாந்து எடுக்காமல் நாலு கட்டடம் தள்ளிப் போய், போனை நேராகப் பிடித்து எடுங்கள்.