காலையில் நாய், வெயில் ஏறினால் மீன்: சென்னையில் பிள்ளைகளோடு ஒரு நாள்

விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் மூன்றாம் நாளே வீட்டு நாயோடு ஒட்டிக்கொள்வார்கள். அப்புறம் எங்கே கிளம்பினாலும் "அதையும் கூட்டிட்டுப் போகலாம்" என்று நிற்பார்கள். சிட்னியிலிருந்து திருவான்மியூர் அக்கா வீட்டுக்கு நாங்கள் வரும்போதெல்லாம் இதே கதைதான். அங்கே பிரவுனி என்று ஒரு நாட்டு நாய். கடற்கரை, மீன்காட்சியகம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட்டால், விடியற்காலையை நாய்க்குக் கொடுங்கள். வெயில் ஏறியதும் அதை வீட்டில் விட்டுவிட்டு மீன் பார்க்கக் கிளம்புங்கள்.

ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் முதல் வாரம் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இதற்கு அது நல்ல வசதி. ஆறு மணிக்குப் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் இருந்தால் மணல் குளிர்ச்சியாக இருக்கும், கூட்டமும் குறைவு. எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். போன முறை நாங்கள் கிளம்பவே எட்டரை ஆகிவிட்டது. திரும்பும்போது பிரவுனி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. என் மகள் அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். வீட்டில் வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். இப்போதெல்லாம் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறோம். ஐந்து நொடி நம் கை தாங்கவில்லை என்றால் அதன் காலும் தாங்காது.

கயிற்றைக் கையிலிருந்து விடாதீர்கள். அந்தக் கரையில் நிற்கும் வெள்ளை நினைவு மண்டபம், 1930-இல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டுக்காகக் கட்டியது. இழுப்பு அப்படிப்பட்ட கடல். நாய் அலைக்குள் ஓடினால் பிள்ளையும் பின்னாலேயே ஓடும். இன்னொரு காரணம் ஆமைகள். பங்குனி ஆமைகள் என்கிற ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஜனவரியிலிருந்து இந்தக் கரையில் ஏறி முட்டையிடும். மோப்பம் பிடித்து மணலைத் தோண்டுவது நாய்க்குச் சுபாவம், ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும்.

கடற்கரையில் தெருநாய்களும் நிறைய. அக்கம்பக்கத்துக்காரர்கள் சோறு வைத்து வளர்ப்பவைதான் பெரும்பாலும், ஆனால் நீங்கள் கூட்டி வரும் நாயைப் பார்த்தால் தங்கள் எல்லைக்கு அந்நியன் வந்ததாக நினைத்துக் குரைக்கும். ஓடக் கூடாது. நின்று, மெதுவாகத் திரும்பி நடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்க ஆசை இருந்தால் டீக்கடையில் பொறை வாங்கிக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கையால் ஊட்ட வேண்டாம், குட்டி போட்ட நாயின் பக்கமே போக வேண்டாம்.

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: கடித்தாலும் சரி, நகம் கீறினாலும் சரி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டு நாய் என்றாலும் அப்படித்தான். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. உடனே போட்டுக்கொண்டால் தடுப்பூசி காப்பாற்றிவிடும். பெரியவர்கள் தொப்புளைச் சுற்றி ஊசி என்று பயமுறுத்துவார்கள். அந்தக் காலம் போயே போச்சு, இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். தவணைகள் முடிய நாலு வாரம் ஆகும், அதற்குள் விமானம் ஏற வேண்டியிருந்தால் ஊசிச் சீட்டைப் பத்திரமாக எடுத்துப்போய் மீதியை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன்பே முன்தடுப்பூசி பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

சரி, நாய்க்குக் கால் கழுவி, காதுமடலில் உண்ணி பார்த்து, தண்ணீர் வைத்துவிட்டீர்கள். நீங்களும் இட்லி சாப்பிட்டுக் கிளம்பலாம். காரில் கூட்டிப்போய்க் கண்ணாடியை லேசாகத் திறந்துவிட்டு விட்டுப்போகும் யோசனை வேண்டவே வேண்டாம். பத்தே நிமிடத்தில் கார் அடுப்பாகிவிடும்.

நாங்கள் போவது ஈஞ்சம்பாக்கத்தில் 2019-இல் திறந்த விஜிபி மரைன் கிங்டம். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர், மாமல்லபுரம் பக்கம் போகும் பஸ்களும் அந்த வழியில்தான். சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிட்டால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். சென்னைக்கு மீன்காட்சியகம் புதிதில்லை. 1909-இலேயே மெரினாவில் ஒன்று இருந்தது, இரண்டாம் உலகப்போரில் மூடிவிட்டார்கள்.

உள்ளே போனதும் மழைக்காட்டு ஆற்று மீன்கள், அலையாத்திக் காடு என்று ஆரம்பித்துக் கடைசியில் ஆழ்கடல். அவசரப்படாமல் கண்ணாடிச் சுரங்கத்தில் நில்லுங்கள். எங்கள் தலைக்கு மேல் ஒரு திருக்கை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு போனது. "அது சிரிக்குதும்மா!" என்றாள் மகள். கண் மாதிரித் தெரிந்த இரண்டும் மூக்குத் துளைகள், நிஜக் கண்கள் முதுகுப்பக்கம். வாய்க்குக் கீழே செவுள் பிளவுகள் விரல் கீறியதுபோல வரிசையாகத் திறந்து மூடின.

முடிந்தால் பாட்டியையும் அழைத்துப் போங்கள். பலகையில் இருக்கும் ஆங்கிலப் பெயரை என் மகள் வாசிக்க, அம்மா "இது களவா, அது பாறை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சிட்னியில் பத்து வருடம் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியும் அவள் கேட்டிராத பெயர்கள் அவை.

ஜனவரி முதல் மார்ச் வரை வருபவர்கள், பெரிய பிள்ளைகள் இருந்தால், இன்னொரு வெள்ளி அல்லது சனி இரவை ஒதுக்கி வையுங்கள். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988-லிருந்து நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே இரவெல்லாம் நடந்து முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறார்கள், அந்த இரவுகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். டார்ச் அடிக்கக் கூடாது, பேச்சும் மெதுவாகத்தான். பிரவுனி கதவருகே வந்து எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கு அது வீட்டில்தான் இருக்க வேண்டும்.