உணவுக் கழிவுத் திட்டத்துக்கு அரசு மானியம் கேட்கும் முன்

உணவுக் கழிவை உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ அரசுப் பணம் கேட்கப் போகிறீர்கள் என்றால், விண்ணப்பப் படிவத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் தராசு வேண்டும். இரண்டு வாரமாவது, விடுமுறை நாளையும் விடாமல், சேரும் கழிவை எடை போட்டு எழுதுங்கள். வாளியைக் கவிழ்த்தும் பாருங்கள்: பிளாஸ்டிக் கரண்டி, அலுமினியத் தாள், எலும்பு என்று என்னென்ன கலந்திருக்கிறது, அது எத்தனை கிலோ என்று தனியாகக் குறியுங்கள். "சுமார் ஒரு டன் வரும்" என்று எழுதினால் யாரும் பணம் தர மாட்டார்கள்.

அப்புறம்தான் உரமா, எரிவாயுவா என்ற கேள்வி. காய்கறித் தோலும் தோட்டக் கழிவும் சேர்ந்து வருகிற இடத்துக்கு உரம் போதும், செலவு குறைவு, பழுதாகிற இயந்திரமும் அதிகமில்லை. ஆனால் ஈரம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உணவுக் கழிவை மட்டும் குவித்தால் அது தாண்டிவிடும், நாறும், பக்கத்து வீட்டார் புகார் கொடுப்பார்கள். அதனால் காய்ந்த இலையோ மரத்தூளோ எங்கிருந்து வரும் என்பதையும் திட்ட அறிக்கையில் எழுதுங்கள்.

சமைத்த மிச்சம் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறதா? எரிவாயு பற்றி யோசிக்கலாம். நன்றாகப் பிரித்த ஒரு டன் கழிவில் தோராயமாக 100 முதல் 150 கன மீட்டர் வாயு கிடைக்கும், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2 யூனிட் மின்சாரம். இயந்திரம் விற்பவர் இதைப் போல இரண்டு மடங்கு சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் சின்ன ஆலைக்கு மின்சாரமே வேண்டாம், வாயுவை நேராக அடுப்புக்குக் கொண்டுபோங்கள். ஜெனரேட்டரில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போய்விடும்.

பலர் கோட்டை விடுவது எரிவாயு ஆலையில் மிஞ்சும் கசடில். உள்ளே போன எடையில் பெரும்பகுதி கரைசலாக வெளியே வரும், அதை வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்? ஒரு விவசாயியின் சம்மதக் கடிதம் விண்ணப்பத்தோடு இருந்தால் அதற்குத் தனி மதிப்பு.

இனி பணம். மானியம் பெரும்பாலும் கட்டுமானத்துக்கும் இயந்திரத்துக்கும்தான். ஆள் சம்பளமும் பராமரிப்பும் உங்கள் தலையில். சொந்தப் பங்கு எவ்வளவு, நாம் முதலில் செலவழித்து பில் கொடுத்த பிறகுதான் பணம் வருமா என்று விதிமுறையில் தேடிப் படியுங்கள், அப்படியானால் இடைக்காலக் கடனின் வட்டியும் உங்கள் கணக்கில் ஏறும். ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் முன் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள், ஏற்கெனவே தொடங்கிய வேலைக்குப் பல திட்டங்களில் மானியம் கிடையாது.

கடைசித் தவணையை ஆலை ஓடுவதைக் காட்டிய பிறகே தருவதும் உண்டு. உரக் குவியல் என்றால் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் தொடர்ந்து மூன்று நாளாவது இருந்ததா என்று தேதியோடு எழுதி வையுங்கள். கிருமி செத்ததற்கு அந்த நோட்டுதான் அத்தாட்சி.